முதல் மருந்தோடு ஸ்டீராய்டு ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் பாக்டீரியாவால் வரும் மூளை உறை அழற்சி பற்றிய கட்டுரையைப் படித்தேன். எளிமையாக எழுதியிருந்தார்கள். ஆனால், 'கிருமி நோய்க்கு ஸ்டீராய்டு கொடுத்தால் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிடும்' என்ற வரியை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. அதைப் படித்த தந்தை ஒருவர் நாளை வார்டில் அந்த ஊசியைப் போடவேண்டாம் என்று தடுக்கக்கூடும்.

நான் ஆய்வகத்தில் முப்பது ஆண்டுகள் தண்டுவட நீரை, அதாவது மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீரை, பரிசோதித்தவன். நலமாக இருப்பவரின் நீர் பளிங்கு போல இருக்கும். ஒரு மைக்ரோலிட்டரில் வெள்ளணுக்கள் பொதுவாக 5-ஐத் தாண்டாது. பாக்டீரியா தொற்றிய குழந்தையின் நீரோ அரிசி களைந்த தண்ணீர்போலக் கலங்கி வரும். நீர்க்கச் செய்துதான் எண்ணவே முடியும். நுண்ணோக்கியில் கட்டத்துக்குக் கட்டம் நியூட்ரோஃபில்கள் என்னும் வெள்ளணுக்கள். "இவ்வளவும் கிருமியா?" என்று ஒரு தாய் ஜன்னலருகே நின்று கேட்டார். இல்லை அம்மா, அந்தக் கலங்கலில் பெரும்பகுதி நம் உடம்பின் அணுக்கள்தாம்.

அவற்றை அங்கே வரவழைப்பவை கீமோகைன்கள் என்னும் சிறு புரதங்கள். கிருமியின் சுவர்த் துணுக்குகள் பட்டதும் மூளையின் காவல் அணுக்களும் ரத்தக்குழாய்ச் சுவரின் அணுக்களும் இன்டர்லூக்கின்-8 போன்றவற்றைச் சுரக்கின்றன. ரத்தத்தில் இருப்பதைவிடத் தண்டுவட நீரில் இவற்றின் செறிவு மிக அதிகம். செறிவு கூடும் திசையை நோக்கியே நியூட்ரோஃபில்கள் குழாயைத் துளைத்துக்கொண்டு வருகின்றன. கிருமியைக் கொல்ல அவை கக்கும் நொதிகளும் ஆக்சிஜன் நச்சுகளும் பக்கத்திலுள்ள நரம்பணுக்களையும் சிதைக்கின்றன. மண்டையோடு விரிந்து கொடுக்காது. வீக்கம் கூடக் கூட அழுத்தம் ஏறுகிறது. அழற்சி உட்காதுக்கும் பரவுவதால்தான் பிழைத்த பிள்ளைகளில் சிலர் காது கேளாமல் வீடு திரும்புகிறார்கள்.

ஆன்டிபயாடிக் ஏறியதும் கிருமிகள் உடைந்து, சுவர்த் துணுக்குகள் இன்னும் கொட்டுகின்றன, அழைப்பு உரத்துவிடுகிறது. அதனால்தான் அந்த அழைப்பை அடக்கும் டெக்சாமெதசோன் என்னும் ஸ்டீராய்டை முதல் ஆன்டிபயாடிக்குக்குச் சற்று முன்போ அதனுடனோ கொடுக்கிறார்கள். 2002-இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வில் பெரியவர்கள் 301 பேர் இருந்தனர். ஸ்டீராய்டு பெற்றவர்களில் 7 சதவீதமும் பெறாதவர்களில் 15 சதவீதமும் இறந்தனர். நிமோகாக்கஸ் என்னும் பாக்டீரியா தொற்றியவர்களுக்கே பலன் மிகுதி. மலாவியில் நடந்த ஆய்வுகளில் இந்தப் பலன் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எல்லா இடத்துக்கும் ஒரே விடை இல்லை. முடிவெடுக்க வேண்டியவர் நோயாளியைப் பார்க்கும் மருத்துவர்.

எனவே, அடுத்த இதழிலேயே அந்த வரிக்குத் திருத்தம் வெளியிடுங்கள். நோய் தீர்ந்த குழந்தைக்குக் கேட்புத் திறன் பரிசோதனை செய்யாமல் இருந்துவிடக் கூடாது என்பதையும் அதே பக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர்,
தஞ்சாவூர்