ஒன்பது முறை பதிவு செய்த வாக்கியம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அரசுப் பள்ளிகளில் பெரிய திரையில் பாடம் காட்டும் திறன் வகுப்பறைகள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். எத்தனை பள்ளிகளுக்குத் திரை வந்தது, எத்தனை பள்ளிகளுக்கு இணைய இணைப்பு கிடைத்தது என்ற கணக்கெல்லாம் அதில் இருந்தது. தருமபுரி மாவட்டத்தில் ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் 22 ஆண்டுகளாக ஆங்கிலம் நடத்துகிறேன். திரை வந்த பிறகு வகுப்பில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

எங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் புத்தகத்துக்குள் மட்டும் இருக்கிற மொழி. வீட்டில் கிடையாது, சந்தையில் கிடையாது, டவுன் பஸ்ஸில் கிடையாது. ஒரு நாளைக்கு ஒரு பீரியட், அதோடு சரி. பரீட்சையில் ஐம்பது, அறுபது மதிப்பெண் வாங்கிவிடும் பிள்ளைகூட, பெயரைச் சொன்னதற்கு அடுத்து ஒரு கேள்வி ஆங்கிலத்தில் கேட்டால் தரையைப் பார்க்கும். பதில் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. தப்பாகிவிட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்களே என்ற பயம். அந்தப் பயம் போகாமல் எந்தப் பாடத்தை எந்தத் திரையில் காட்டினாலும் உள்ளே இறங்காது.

எங்கள் பள்ளிக்குத் திரை வந்த முதல் வாரம் முன்வரிசைக்கு அடிதடி. மூன்றாவது வாரம் கடைசி பெஞ்சில் கொட்டாவி. 2018இல் புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு வந்தது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2023இல் பாடக் காணொலிகள் உள்ள மணற்கேணி செயலி வந்தது. எல்லாம் நல்ல முயற்சிகள், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் கவனித்துப் பாருங்கள், இவை பெரும்பாலும் கருவி பேசப் பிள்ளை கேட்கிற ஏற்பாடுகள். கணக்குக்கும் அறிவியலுக்கும் அது பொருந்தலாம். மொழி வகுப்பில் பேச வேண்டியது பிள்ளைதானே?

கொரோனாவுக்காகப் பள்ளிகள் மூடியிருந்தபோது எட்டாம் வகுப்புக்கு வாட்ஸ்அப் குழு ஒன்று வைத்திருந்தோம். வேறு வழி தெரியாமல், "இன்று காலையிலிருந்து என்ன செய்தாய் என்று மூன்று வாக்கியம் பேசி எனக்குத் தனியாக அனுப்பு" என்று ஒரு வேலை கொடுத்தேன். வகுப்பில் ஒரு வருடமாக வாயே திறக்காத மாணவி ஒருத்தி இரவு ஒன்பதரை மணிக்கு அனுப்பினாள். அப்பா வேலையிலிருந்து வந்த பிறகுதான் போன் கையில் கிடைக்குமாம். மொத்தம் 20 விநாடி. பின்னால் ஆடு கத்துகிறது. நடுவில் அவள் அம்மா, "யாருகிட்டடி பேசுற?" என்று கேட்கிறார். "இங்கிலீசு மிஸ்ஸுகிட்டம்மா" என்று கிசுகிசுத்துவிட்டு மறுபடி ஆங்கிலத்துக்கு வருகிறாள். அதில் 'ஸ்கூல்' என்ற சொல் சுத்தமாக வந்திருந்தது. எங்கள் பக்கம் அது எப்போதும் 'இஸ்கூல்'தான். சொல்லின் முதலில் மெய்யெழுத்து வராத மொழியைப் பேசி வளர்ந்த நாக்கு வேறெப்படிச் சொல்லும்?

மறுநாள் போன் செய்து கேட்டேன். "ஒம்போது வாட்டி பேசிப் பேசி அழிச்சேன் மிஸ். 'இ' வந்துக்கிட்டே இருந்துச்சு" என்றாள். கொஞ்சம் தயங்கிவிட்டு, "வகுப்புல யாருக்கும் போட்டுக் காட்டிராதீங்க மிஸ்" என்றாள்.

ஒன்பது முறை! இம்போசிஷன் கொடுத்து நூறு முறை எழுத வைத்திருக்கிறேன். ஒரு பிள்ளையும் தன் விருப்பத்தில் ஒரு வாக்கியத்தை ஒன்பது முறை சொல்லிப் பார்த்ததில்லை. தன் குரலைத் தானே கேட்கவும், பிடிக்காவிட்டால் அழிக்கவும், சரியானதை மட்டும் அனுப்பவும் முடிந்தது. மறுமுனையில் கேட்பதற்கு ஒரு ஆள் இருந்தார். அவளைப் பேச வைத்தவை இவைதான். அதற்கு எந்தப் போனிலும் இருக்கும் ஒலிப்பதிவு வசதி போதுமாக இருந்தது.

பிறகுதான் இதே போன்றதொரு ஆய்வு ஹைதராபாத்தில் நடந்திருப்பதைப் படித்தேன். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் உள்ள கணினியைக் கல்வி ஆய்வாளர் சுகதா மித்ராவும் உடனிருந்தவர்களும் பள்ளிப் பிள்ளைகளிடம் விட்டுவைத்தார்கள். 2003இல் முடிவுகள் வெளியாகின. தாங்கள் சொன்னதை இயந்திரம் சரியாக எழுதும்வரை பிள்ளைகள் பேசிப் பேசிப் பார்த்தார்கள், சில மாதங்களில் உச்சரிப்பு திருந்தியது. அவரே பின்னாளில் நம் கடலோரக் கிராமமான காளிக்குப்பத்தில், தமிழ் மட்டும் பேசும் பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் உயிரித் தொழில்நுட்பப் பாடத்தைக் கணினியில் கொடுத்தார். தாமாகவே ஓரளவு படித்துக்கொண்டவர்கள் அதற்குமேல் நகரவில்லை. அந்தப் பாடமே தெரியாத, ஆனால் அவர்களுக்குப் பழக்கமான ஒரு பெண் பக்கத்தில் நின்று "எப்படிச் செய்தாய், இன்னொரு முறை காட்டு" என்று கேட்கத் தொடங்கியதும் மதிப்பெண் ஏறியது. மித்ராவின் எல்லா முடிவுகளையும் நான் ஏற்பதில்லை. ஆசிரியர் தேவையே இல்லை என்று அதை வைத்துச் சிலர் பேசுவது தவறு. கேட்பதற்கு ஒரு ஆள் இருந்தால் பிள்ளை முன்னேறும் என்ற இந்த ஒரு விஷயம் மட்டும் என் வகுப்பிலும் உண்மை.

மதிப்பெண் பட்டியல் காட்டும் வினாடி வினா விளையாட்டுகளையும் முயன்று பார்த்துவிட்டேன். சத்தம் நிறைய இருக்கும். ஆனால் தினமும் அதே நான்கு பேர்தான் ஜெயிக்கிறார்கள், மற்றவர்கள் ஒரு வாரத்தில் கையைக் கட்டிக்கொள்கிறார்கள். வீட்டுப்பாடத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு எழுதிவரும் பழக்கமும் வந்துவிட்டது. நோட்டில் ஒரு பிழை இல்லை, வாயில் ஒரு வாக்கியம் இல்லை.

கேட்கும் கருவிகளும் இப்போது உண்டு. கூகுள் 2019இல் 'போலோ' என்று தொடங்கி, பிறகு 'ரீட் அலாங்' என்று பெயர் மாற்றிய செயலியில் பிள்ளை சத்தமாகப் படிக்க, 'தியா' என்ற பாத்திரம் கேட்டுக்கொண்டே வரும், திணறும் இடத்தில் சொல்லிக் கொடுக்கும். கதைகளைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். எங்கள் ஊரில் அது பெரிய வசதி.

கல்வித் துறைக்கு என் வேண்டுகோள் பெரிய செலவு வைக்காதது. எங்கள் பள்ளி ஆய்வகத்துக் கணினிகள் பாதி நாள் இணையவழித் தேர்வுக்கும், பள்ளி விவரங்களை இணையத்தில் ஏற்றும் பதிவேற்ற வேலைக்குமே போய்விடுகின்றன. ஆறாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு வகுப்புக்கும் வாரம் ஒரு ஆங்கில பீரியடை அங்கே ஒதுக்கி, அதை வேறெதற்கும் எடுக்கக் கூடாது என்று உத்தரவிடுங்கள். ஆளுக்கொரு மைக் வைத்த ஹெட்போன் கொடுங்கள். பதிவை ஆசிரியர் மட்டும் கேட்க வேண்டும், அதற்கு மதிப்பெண் போடக் கூடாது. நாற்பது பிள்ளைகளின் இருபது விநாடிப் பதிவைக் கேட்க எனக்குக் கால்மணி நேரம் ஆகும். அந்தக் கால்மணி நேரத்தைப் பதிவேற்ற வேலையிலிருந்து கழித்துக் கொடுத்தால் போதும். ஜூன் மாதம் கால அட்டவணை போடுவதற்குள் இது நடக்குமானால், இந்த ஆண்டு ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடமிருந்தே தொடங்கிவிடுவேன்.

இப்படிக்கு,
ஓர் ஆங்கில ஆசிரியை,
தருமபுரி மாவட்டம்.