குறும்படத் தேர்வில் தனித்தனி உழைப்புக்கு மதிப்பெண் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காட்சித் தொடர்பியல் மாணவர்கள் பருவ இறுதியில் குழுவாகக் குறும்படம் எடுத்து ஒப்படைப்பதும், புறத்தேர்வாளர் அதை ஒருமுறை பார்த்துவிட்டுக் குழுவினர் அனைவருக்கும் ஏறத்தாழ ஒரே மதிப்பெண் இடுவதும் பல கல்லூரிகளில் வழக்கமாக இருக்கின்றன. சேலத்தில் இப்பாடத்தைக் கற்பிக்கும் நான், இவ்வழக்கம் மாற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

படமெடுப்பதில் சில வேலைகள் பழுதின்றி நடந்தால் யார் கண்ணிலும் படுவதில்லை. அம்மாப்பேட்டைத் தறிக்கூடம் ஒன்றில் நெசவாளரின் பேச்சு தெளிவாகப் பதிவாக வேண்டுமானால், காலர் மைக்கை எங்கே பொருத்துவது, பக்கத்துத் தறியைச் சற்று நிறுத்தச் சொல்லி எப்போது கேட்பது, பேச்சில்லாத நேரத்தில் அந்த இடத்தின் ஓசையை மட்டும் எவ்வளவு நேரம் தனியே பதிவு செய்து வைப்பது என்றெல்லாம் ஒலிப்பதிவு செய்யும் மாணவி முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். அவர் அதைச் சரியாகச் செய்துவிட்டால், பார்ப்பவர் நெசவாளர் சொல்வதில்தான் மனம் வைப்பார். ஒலிப்பதிவை நினைக்கவே மாட்டார். ஏற்காட்டில் பனிமூட்டத்தில் தொடங்கிய காட்சியை வெயில் ஏறிய பிறகு முடிக்க நேரும்போது கன்டினியூட்டி (ஒரு காட்சியின் ஷாட்டுகள் ஒன்றோடொன்று பொருந்தித் தொடர்வது) பார்ப்பவர் படும் பாடும் இத்தகையதே. முடிந்த படத்தை மட்டும் பார்த்து இவர்களுக்கு எப்படி மதிப்பெண் போட முடியும்?

1935இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிறுவனம் எங்கள் சேலத்து ஏற்காடு சாலையில் நூறுக்கும் மேற்பட்ட படங்களை உருவாக்கியது. திரைக்குப் பின்னால் எத்தனை கைகள் வேலை செய்கின்றன என்பதைச் சேலத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே, படத்துடன் ஷாட் பட்டியல், ஒலிக் குறிப்பேடு, கன்டினியூட்டிக்காக எடுத்த புகைப்படங்கள், வெட்டப்படாத மூலப் பதிவு ஆகியவற்றையும் கேட்டுப் பெற வேண்டும். அவற்றை முன்னால் வைத்துக்கொண்டு, இந்த ஷாட்டுக்குக் கேமராவை ஏன் இங்கே வைத்தீர்கள், இந்த இடத்தில் ஏன் வெட்டினீர்கள் என்று ஒவ்வொரு மாணவரையும் தனியே பத்து நிமிடமாவது விசாரிக்க வேண்டும். எடிட்டிங்கை இன்னும் எளிதாகச் சோதிக்கலாம்: ஒரே ரஷ்ஷை (வெட்டப்படாத மூலப் பதிவை) வகுப்பு முழுவதற்கும் கொடுத்து, ஆளுக்கு மூன்று நிமிடக் காட்சியாக ஆய்வகத்திலேயே வெட்டித் தரச் சொன்னால், யாருக்கு என்ன தெரியும் என்பது அன்றே விளங்கிவிடும். நூறு மதிப்பெண்ணில் அறுபதாவது இத்தகைய தனிநபர் மதிப்பீட்டுக்கு உரியதாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. இதற்கெல்லாம் தேர்வாளருக்கு நேரம் ஏது என்று கேட்பார்கள். இருபது நிமிடப் படத்துக்குப் பதிலாக ஐந்து நிமிடப் படம் கேட்டால் நேரம் கிடைக்கும். அதை எடுப்பதற்கும் கூர்மையான திறமைதான் வேண்டும்.

வசதி வேறுபாடு இதைவிட வேதனை தருகிறது. ட்ரோனும் விலை உயர்ந்த லென்சும் வாடகைக்கு எடுக்க முடிந்த குழுவின் படம் திரையில் பளிச்சென்று தெரிகிறது. வாழப்பாடியிலிருந்தும் ஓமலூரிலிருந்தும் பேருந்தில் வந்துபோகும் மாணவர்கள், கடைசிப் பேருந்தைத் தவறவிடக் கூடாதே என்று நல்ல மாலை வெளிச்சத்தை விட்டுவிட்டு, கைப்பேசியில் எடுத்ததைக் கொண்டு வருகிறார்கள். எல்லாக் குழுவுக்கும் கல்லூரிக் கருவிகளைச் சம நாட்களுக்கு வழங்கி, வெளியிலிருந்து கொண்டுவரும் கருவிக்குத் தடை விதிப்பதே நேர்மையான வழி.

மதிப்பெண் பகிர்வு முறையைப் படப்பிடிப்பு தொடங்கும் முன்பே எழுத்தில் மாணவர்களிடம் கொடுத்துவிட வேண்டும் என்பதையும் சேர்த்து, வரும் கல்வியாண்டுப் பாடத்திட்டத்திலேயே இம்மாற்றங்களைச் செய்யுமாறு பாடத்திட்டக் குழுவினரைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காட்சித் தொடர்பியல் ஆசிரியை,
சேலம்.