மலையகத் தமிழ்ப் பாடசாலை அதிபர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிபர்களே, ஆசிரியர்களே,

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்து, இன்று தாதிய உத்தியோகத்தராகக் கடமையாற்றும் நான் இதை எழுதுகிறேன். அண்மையில் ஒரு பாடசாலையில் பேசச் சென்றிருந்தபோது, பதினோராம் தரத்து மாணவி ஒருத்தி எழுந்து, "சண்டை நடக்கிற நாடுகளில் நோயாளிகளைப் பார்க்கிற வேலைக்கு நாங்களும் போகலாமா, மிஸ்?" என்று கேட்டாள். நான் வாய் திறக்குமுன்பே, "அதற்கு டொக்டராக வேண்டும்" என்று சொல்லி அவளை அமர்த்திவிட்டார் ஆசிரியர் ஒருவர்.

அந்தப் பதில் தவறானது. சண்டையும் பேரிடரும் நடக்கும் நாடுகளில் மருத்துவ உதவி செய்வதற்காக 1971இல் பாரிஸில் தொடங்கப்பட்ட 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' (MSF) அமைப்பின் பெயரில் மருத்துவர்கள் மட்டுமே இருந்தாலும், தாதியர், மருத்துவமாதர், மருந்தாளர், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் இல்லாமல் அதன் களப்பணி ஒரு நாளும் நடவாது. குடிநீரும் மலசலகூடமும் அமைப்பவர்களும், தடுப்பூசியைக் குளிர் கெடாமல் கொண்டு சேர்ப்பவர்களும், கணக்குப் பார்ப்பவர்களும் அதே குழுவினரே. கொலரா பரவும் முகாமில் சுத்தமான தண்ணீரும் மருந்துதான். கொழுந்து லொறியில் நோயாளியை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதைக் கண்டு வளர்ந்த பிள்ளைக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்த வேலை பள்ளிப் படிப்பு முடிந்ததும் கிடைப்பதன்று. தத்தம் துறையில் குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது தொழில் அனுபவம் பெற்றிருக்க வேண்டும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. ஆங்கிலத்தில் சரளமாகப் பேச வேண்டும், பிரெஞ்சோ அரபோ தெரிந்தால் வாய்ப்பு விரியும். ஆகவே இப்பயணம் நம் வைத்தியசாலை வாட்டுகளில்தான் தொடங்குகிறது. தாதியம் போன்ற மருத்துவப் பணிகளுக்கு வர, அதற்கும் முன்னால் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகள் பலர் விழுந்துபோகும் இடம் அதுவே. அருகிலுள்ள பாடசாலையில் தமிழில் விஞ்ஞானப் பிரிவு இல்லையென்ற ஒரே காரணத்தால் கலைப்பிரிவுக்குப் போன கெட்டிக்காரப் பிள்ளைகளை நான் அறிவேன். ஹற்றனுக்கோ பதுளைக்கோ போய்ப் படிக்க அவர்களுக்குத் தங்குமிடமும் பயணச் செலவும் தேடிக்கொடுங்கள். ஆங்கிலப் பாடவேளையை வேறு பாடத்துக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆபத்தையும் மறைக்க வேண்டாம். 2015 ஒக்டோபர் 3ஆம் திகதி ஆப்கானிஸ்தானின் குண்டூஸில் அவ்வமைப்பின் வைத்தியசாலை அமெரிக்க விமானத் தாக்குதலுக்கு உள்ளாகி 42 பேர் இறந்தார்கள். அவர்களில் 14 பேர் அங்கு பணியாற்றியவர்கள். பெற்றோரும் இதை அறிந்த பிறகே சம்மதிக்க வேண்டும்.

அந்த மாணவி விரைவில் உயர்தரத்துக்குப் பாடப்பிரிவு தெரிவு செய்யவிருக்கிறாள். அதற்கு முன் ஒருமுறை அவளை அழைத்து, அன்று கேட்ட கேள்விக்கு முழுமையான பதிலைச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் வர வேண்டுமென்றால், விடுமுறை எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
தாதிய உத்தியோகத்தர் ஒருவர்,
ஹற்றன்.