நீ அனுப்பிய போன்களும் வாங்கினவர்கள் சொன்னதும்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய மூன்று போன்களையும் பார்த்தேன். வாங்கினவர்கள் அவற்றைப் பற்றி எழுதியதையும் உட்கார்ந்து படித்தேன். "கேமரா நல்லா இருக்கணும், மத்தது எப்படி இருந்தாலும் சரி, எதை வாங்கட்டும்மா?" என்று கேட்டிருந்தாய். பேசும்போது சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். குழந்தை பிறக்க இன்னும் நாள் இருக்கிறது, நிதானமாகப் படி.

முதலில் கடைத் தளத்தில் போன் பெயருக்குப் பக்கத்தில் போட்டிருக்கிற அந்த 4.4 ஸ்டாரை மறந்துவிடு. நீ அனுப்பிய மூன்றுமே 4.2க்கும் 4.5க்கும் நடுவில்தான் நிற்கின்றன. ஓரளவு உருப்படியான போன் எதுவானாலும் பெரும்பாலும் அங்கேதான் நிற்கும். எழுதுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இரண்டே வகை. புதுப் போன் கைக்கு வந்த பூரிப்பில் ஐந்து கொடுக்கிறவர்கள் ஒரு பக்கம், ஏதோ ஒன்று கடுப்பேற்றி ஒன்று கொடுக்கிறவர்கள் இன்னொரு பக்கம். பரவாயில்லை என்று நினைக்கிறவன் எழுத உட்காரவே மாட்டான். இதை ஆராய்ந்தவர்கள் ஸ்டார்களைப் படமாக வரைந்தால் ஆங்கில எழுத்து 'ஜே' போல வருகிறது என்கிறார்கள்: ஒன்றில் சின்ன மேடு, நடுவில் பள்ளம், ஐந்தில் பெரிய மேடு. அந்த மேடுபள்ளத்தைச் சராசரி போட்டு ஒரே எண்ணாகக் காட்டினால் அதில் உனக்கு என்ன தெரியும்?

ஒரு ஸ்டார்காரர்கள் எழுதியதைப் படித்துப் பார். பார்சல் தாமதம். டப்பா நசுங்கியிருந்தது. உள்ளே சார்ஜர் இல்லை. சார்ஜர் வைக்காமல் விற்பது 2020இல் ஐபோன் 12 வந்தபோது பெரிதாகத் தொடங்கி மற்ற கம்பெனிகளுக்கும் பரவியது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. நியாயமான கோபம்தான், ஆனால் கேமராவைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. ஐந்து ஸ்டார்காரர்கள் இன்னும் மோசம். "வேற லெவல் கேமரா", "டிஎஸ்எல்ஆர் தோத்துடும்". எதை எடுத்தார், பகலிலா இரவிலா, வீட்டுக்குள்ளா வெளியிலா என்று ஒன்றும் சொல்லமாட்டார்.

காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறவர்களும் உண்டு. டப்பாவுக்குள்ளேயே ஒரு அட்டை வைத்து, ஐந்து ஸ்டார் போட்டால் பரிசு என்று சொல்கிற விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் போலிக் கருத்துகளைத் தடை செய்து 2024 அக்டோபரில் விதியே கொண்டுவந்துவிட்டார்கள். இந்தியாவிலும் 2022இல் ஐஎஸ் 19000 என்று ஒரு தரநிர்ணயம் வந்தது. விதி வந்தால் ஆட்டம் நின்றுவிடுமா? நீயே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியதுதான். விளம்பரத்தில் இருக்கிற அதே வாக்கியத்தை வைத்து எழுதியிருந்தால், ஒரு குறைகூடச் சொல்லாமல் இருந்தால், ஒரே நாளில் ஒரே மாதிரி பத்துப் பேர் புகழ்ந்திருந்தால் தள்ளிவிட்டுப் போ. தேதியையும் பார். சில இடங்களில் பழைய மாடலுக்கு வந்த கருத்துகளைப் புது மாடலின் கணக்கில் சேர்த்துவைத்திருப்பார்கள்.

நான் முதலில் தேடியது இரண்டு, மூன்று, நான்கு ஸ்டார் போட்டவர்களை. அவர்கள்தான் யோசித்து எழுதியிருக்கிறார்கள். உன் மூன்றாவது போனுக்கு ஒருவர் மூன்று ஸ்டார் போட்டு, "வெளியே எடுத்தால் அருமை, வீட்டுக்குள் பையன் ஓடினால் ஒரு படமும் தேறவில்லை" என்று எழுதியிருந்தார். எனக்கு அந்த ஒரு வரி மற்ற நூறு வரிக்குச் சமம். அவரும் உன்னைப் போல அப்பா, அவரும் வீட்டுக்குள்தான் எடுக்கிறார், அவர் பிள்ளையும் சொன்னபடி நிற்பதில்லை. மலை, சூரிய அஸ்தமனம், கார் எல்லாம் எடுத்துவிட்டுப் புகழ்கிறவர் சொல்வது பொய்யில்லை. அவருடைய தேவை வேறு, அவ்வளவுதான்.

உனக்குத் தெரியும், நான் கலர் லேப்பில் பிரிண்டர் முன்னால் உட்கார்ந்து காலம் தள்ளினவள். படம் எடுத்தவனைவிட அது பேப்பரில் எப்படி விழும் என்று எனக்குத்தான் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். அதனால் மெகாபிக்சல் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மெகாபிக்சல் என்றால் பத்து லட்சம் புள்ளி. நாலுக்கு ஆறு இன்ச் பிரிண்ட் நல்லபடியாக வர, இன்ச்சுக்கு 300 புள்ளி வைத்தால் 1200க்கு 1800. அதாவது 2 மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேல். ஏ4 தாள் முழுக்கப் போட்டாலும் 9 மெகாபிக்சல் தாண்டாது. 2000இல் ஜப்பானில் ஷார்ப் கொண்டுவந்த கேமரா போனில் இருந்தது 0.11 மெகாபிக்சல்தான். அது நிஜமாகவே போதாது. இப்போது உன் முதல் போனில் 108 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். வாங்கினவர்களும் அதையே திருப்பி எழுதுகிறார்கள். அந்த 108ஐ ஒன்பது ஒன்பதாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படமாகத்தான் போன் சாதாரணமாகக் கொடுக்கும். 48 என்றால் நாலு நாலாகச் சேர்த்து அதே 12. சேர்ப்பது நல்லதுதான். இத்தனூண்டு புள்ளிகள் தனித்தனியாகப் பிடிக்கிற வெளிச்சம் போதாது என்பதால்தான் சேர்க்கிறார்கள். 108க்காகக் கூடக் காசு கொடுக்காதே என்பதுதான் நான் சொல்வது. பின்பக்கம் நாலு லென்ஸ் என்று பெருமையாக எழுதியிருப்பதில் இரண்டு வெறும் 2 மெகாபிக்சல்: கிட்டப் படத்துக்கென்று மேக்ரோ, பின்னணியை மங்கலாக்க டெப்த். அவை எண்ணிக்கைக்கு ஒட்டினவை.

முகத்தின் நிறத்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்குக் கோபம் வரும். ஃபிலிம் காலத்தில் லேப் மெஷினைச் சரிபார்க்க ஷெர்லி கார்டு என்று ஒன்று உண்டு. கோடாக் என்ற ஃபிலிம் கம்பெனியிலிருந்து வரும். அதில் இருப்பது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அந்த முகம் ஒழுங்காக வந்தால் மெஷின் சரி என்று அர்த்தம். நம்மைப் போன்றவர்கள் முகம் எப்படி வருகிறது என்று அந்தக் கார்டுக்குக் கவலையில்லை. இன்றைக்குப் போனுக்குள் இருக்கிற மென்பொருளும் பல நேரம் அதே வேலையைத்தான் செய்கிறது. கறுத்த முகத்தைக் கண்டால் உடனே வெளுக்கிறது, தோலை மெழுகுகிறது. 2021இல் கூகுள் தன் பிக்சல் 6 போனில் ரியல் டோன் என்று பெயர் வைத்து இதைத் திருத்தப் பார்த்தது. அப்படித் திருத்த வேண்டியிருந்தது என்பதே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது.

ஆனால் வாங்கினவர்கள் இதைக் குறையாக எழுதுவது குறைவு. "செல்ஃபியில் முகம் பளிச்சென்று வருகிறது" என்று ஐந்து ஸ்டார் போடுகிறார்கள். லேப் கவுண்டரிலும் இப்படித்தான், உள்ளபடி வந்த பிரிண்டைத் திருப்பிக் கொடுத்து இன்னும் கொஞ்சம் வெளுப்பாகக் கேட்பார்கள். மார்க்கஸ் பிரவுன்லீ என்று அமெரிக்காவில் யூடியூபில் போன்களை அலசுகிற ஒருவர் 2018இலிருந்து போன் பெயரை மறைத்து இரண்டிரண்டு படமாகக் காட்டி எது நல்லது என்று மக்களிடம் ஓட்டுக் கேட்டார். விலை கூடின போன்கள் முதல் சுற்றிலேயே தோற்றிருக்கின்றன. பெரும்பாலும் பிரகாசமான படத்துக்குத்தான் ஓட்டு விழுந்தது. ஆகவே பளிச் என்று எவனாவது புகழ்ந்தால் அங்கே நிறுத்தி, அவன் போட்டிருக்கிற படத்தைப் பெரிதாக்கிப் பார்.

நான் அப்படித்தான் பார்த்தேன். உன் முதல் போனுக்கு ஒரு அம்மா தன் கைக்குழந்தை படத்தைப் போட்டு ஐந்து ஸ்டார் கொடுத்திருக்கிறார். சின்னதாகப் பார்த்தால் அழகுதான். விரித்துப் பார்த்தேன். புருவ முடி ஒன்றோடொன்று கரைந்து பென்சிலால் தீற்றினது போல இருக்கிறது. கன்னத்தில் பூனைமுடி இல்லை, காது ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு ஓடுகிறது. அது மென்பொருள் அளவுக்கு மீறிக் கூர்மை ஏற்றியதன் அடையாளம். போர்வையின் நெசவு ஒரு பக்கம் தெரிகிறது, குழந்தையின் கை அசைந்த பக்கம் குழம்பிக் கிடக்கிறது. அந்த அம்மாவுக்கு அது சந்தோஷம், நான் அதில் கைவைக்கவில்லை. பத்து வருஷம் கழித்து நீ அந்தப் புருவத்தைத் தேடினால் கிடைக்காது, அதுதான் எனக்குக் கவலை.

பச்சைக் குழந்தையை எங்கே எடுக்கப்போகிறாய்? வீட்டுக்குள்ளே, மங்கின விளக்கில், கிட்டத்திலிருந்து. வீட்டுக்குள், மங்கின விளக்கு, கிட்டம் என்கிற இந்த மூன்றையும் பற்றி வாங்கினவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று மட்டும் தேடு. வெளிச்சம் குறைந்தால் போன் ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கும். பதினைந்தில் ஒரு விநாடி திறந்திருந்தால் போதும், கை கால் உதைக்கிற பிள்ளை கலங்கிப்போகும். நைட் மோடு என்று புகழ்வது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்குவது. அசையாத கட்டிடத்துக்குச் சரி, தூங்குகிற பிள்ளைக்கும் சரி, விழித்திருக்கிற பிள்ளைக்கு ஆகாது. அப்புறம் கிட்டப் போவது. வெளிச்சத்தைப் பிடிக்கிற சில்லான சென்சார் பெரிதாக இருக்கிற போன்களில் பிரதான லென்ஸ் ரொம்பக் கிட்டத்தில் ஃபோகஸ் ஆகாது. விரல் நகத்தை எடுக்கப் போனால் போன் தானாகவே வைட் லென்ஸுக்குத் தாவிவிடும், படம் தரம் இறங்கிவிடும். "கிட்டே போனால் படம் திடீரென்று குதிக்கிறது" என்று உன் மூன்றாவது போனுக்கு நிறையப் பேர் எழுதியிருப்பது இதைத்தான். பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பியவர்கூட இருக்கிறார்.

நிலாவை ஜூம் பண்ணி எடுத்தேன் என்று புல்லரிக்கிறவர்களை நம்பாதே. 2023இல் ஒருவர் வேண்டுமென்றே கலங்கலாக்கின நிலாப் படத்தைக் கம்ப்யூட்டர் திரையில் வைத்து, அறையை இருட்டாக்கி, சாம்சங் போனால் தூரத்திலிருந்து எடுத்துக் காட்டினார். திரையில் இல்லாத பள்ளங்களெல்லாம் படத்தில் வந்தன. நிலா என்று அடையாளம் கண்டால் மென்பொருள் நுணுக்கங்களைக் கூட்டும் என்று கம்பெனியும் விளக்கம் சொன்னது. கம்பெனி காட்டுகிற மாதிரிப் படங்களும் அப்படித்தான். 2012இல் நோக்கியா லூமியா 920க்கு ஒரு விளம்பரம் வந்தது. ஒரு பெண் சைக்கிளில் போவாள், கை ஆட்டமே தெரியாமல் போனில் எடுத்த மாதிரி காட்டுவார்கள். வழியிலிருந்த ஒரு சன்னல் கண்ணாடியில் அவள் பிம்பத்தோடு கூடவே ஒரு வெள்ளை வேனும், அதற்குள் பெரிய கேமரா வைத்திருந்த ஆளும் விழுந்துவிட்டார்கள். கம்பெனி மன்னிப்புக் கேட்டது. வாங்கினவர் எடுத்த படம் எவ்வளவு சுமாராக இருந்தாலும் அதில் வேன் கிடையாது.

இன்னொன்று, எல்லாரும் முதல் வாரத்திலேயே எழுதிவிடுகிறார்கள். நீ போனை நாலு வருஷமாவது வைத்திருப்பாய். "ஆறு மாதம் கழித்து எழுதுகிறேன்" என்று தொடங்குகிறவர்களைத் தேடிப் படி. லென்ஸ் கண்ணாடியில் கீறல், உள்ளே ஆவி படிவது, அப்டேட்டுக்குப் பிறகு நிறம் மாறியது எல்லாம் அவர்களிடம்தான் கிடைக்கும். நீ பைக்கில் போனை மாட்டிக்கொண்டு வழி பார்க்கிற ஆள் வேறு. பைக் எஞ்சின் அதிர்வு தொடர்ந்து பட்டால் கேமராவுக்குள் ஆட்டத்தைத் தடுக்கிற பாகமும் ஃபோகஸும் கெடலாம் என்று ஆப்பிளே 2021இல் எச்சரித்தது. எந்தப் போன் வாங்கினாலும் அந்த ஸ்டாண்டைக் கழற்றி எறி.

என்னைக் கேட்டால் இரண்டாவதை வாங்கு. ஸ்டார் அதற்குத்தான் குறைவு. ஒன்று போட்டவர்களில் பாதிப் பேர் சார்ஜர் இல்லை என்றும், மீதிப் பேர் கேம் ஆடினால் சூடாகிறது என்றும் எழுதியிருக்கிறார்கள். நீ கேம் ஆடுகிறவன் இல்லை. பிள்ளை வைத்திருக்கிறவர்கள் போட்ட படங்களில் முகம் முகமாக இருக்கிறது, நிறம் உள்ளபடி வருகிறது. ஒருவர் "படம் கொஞ்சம் டல்லாக இருக்கிறது" என்று குறைபட்டு இரண்டு ஸ்டார் போட்டிருந்தார். அவர் படத்தைப் பார்த்துத்தான் நான் முடிவே செய்தேன்.

வாங்குவதற்கு முன்னால் திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் தருகிறார்கள், எந்தக் காரணத்துக்குத் தருகிறார்கள் என்று படித்துவிடு. 'பிடிக்கவில்லை' என்றால் ஏற்காதவர்கள் உண்டு. கைக்கு வந்த அன்றே வெயிலில் போய் எடுக்காதே. ராத்திரி விளக்கைப் போட்டு, தோலை மெழுகுகிற பியூட்டி மோடை அணைத்துவிட்டு, மருமகளைப் பேசச் சொல்லிப் பேச்சு நடுவில் அவள் முகத்தை எடு. அவள் கைவிரலைக் கிட்டே வைத்து ஒன்று, நீ நடந்துகொண்டே ஒரு வீடியோ. மூன்றையும் எனக்கு அனுப்பு. வாட்ஸப்பில் போட்டோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பு. விரித்துப் பார்த்துவிட்டு, வைத்துக்கொள்வதா திருப்புவதா என்று அன்றைக்கே சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா