பாம்பாற்றுத் தண்ணீரிலும் சோதித்துச் சொல்லுங்கள்

பாதரசத்தைக் கண்டறியும் ஒளிரும் சென்சார்களை ஆராயும் தமிழ்நாட்டு வேதியியல் பேராசிரியர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் வணக்கம்.

கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் கதை உங்களுக்குத் தெரியும். பாதரசக் கழிவை வெளியே கொட்டியது அம்பலமானதும் 2001-இல் மூடியாயிற்று. ஆலைக்குக் கீழே சரிவில் இறங்கும் பாம்பாறுதான் கும்பக்கரை வழியாக எங்கள் பெரியகுளம் பக்கம் வருகிறது. அந்தத் தண்ணீரைப் பிடித்து, பணம் கட்டி, ஓர் ஆய்வகத்தில் கொடுத்தேன். வந்த தாளில் பாதரசத்துக்கு நேரே ‘பி.டி.எல்.’ என்று மட்டும் இருந்தது. கண்டறியும் வரம்புக்குக் கீழே என்று பொருள். சரி, அந்த வரம்பு எவ்வளவு என்று கேட்டேன். “அதெல்லாம் ரிப்போர்ட்ல போட மாட்டோம்” என்றார்கள். குடிநீரில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் பாதரசம் கூடாது என்பது இந்தியத் தரம். அவர்கள் கருவிக்கு 5 மைக்ரோகிராமே தெரியாது என்றால், அந்தத் தாளை நம்பிப் பிள்ளைகளுக்கு எப்படித் தண்ணீர் கொடுப்பது?

உங்கள் கட்டுரைகளை விடாமல் படிக்கிறேன். ரோடமின் என்ற சாய மூலக்கூறின் மூடிய வளையத்தைப் பாதரச அயனி திறந்துவிட, நிறமில்லாத கரைசல் இளஞ்சிவப்பாகிறது. புற ஊதா விளக்கில் ஒளிர்கிறது. கந்தகம் உள்ள மூலக்கூறுகளைச் சிலிக்காத் துகளில் பிணைத்துப் பாதரசத்தைப் பிடித்து வெளியே எடுக்கவும் செய்கிறீர்கள். அருமையான வேலை. ஆனால் பல சோதனைகள் அசிட்டோநைட்ரைல் என்ற கரிமக் கரைப்பான் கலந்த நீரில்தான் நடக்கின்றன. கண்டறியும் வரம்பை மைக்ரோமோலார் என்ற செறிவு அலகில் போடுகிறீர்கள். பாதரசத்துக்கு 1 மைக்ரோமோலார் என்றால் லிட்டருக்கு 200 மைக்ரோகிராம், அதாவது குடிநீர் வரம்பைப்போல 200 மடங்கு! அப்புறம் குழாய்த் தண்ணீரில் நீங்களே பாதரசத்தைக் கலந்து, நீங்களே அளந்து, ‘உண்மை நீர் மாதிரி’ என்று அட்டவணை போடுகிறீர்கள். யாரும் கலக்கத் தேவையில்லாத இடம் இங்கே இருக்கிறதே. சோலையின் மட்கிய இலையும் வண்டலும் கலங்கிய நீரில் உங்கள் சென்சார் ஒளிருமா? பாம்பாற்றில் சோதித்துச் சொல்லுங்கள்.

ஆலைத் தொழிலாளர்களுக்கு இழப்பீட்டு உடன்பாடு வரவே 2016 ஆகிவிட்டது. ஆலை மண்ணைச் சுத்தம் செய்யும்போது கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை பாதரசத்தை விட்டுவைக்கலாம் என்று முடிவெடுத்தபோது அடிவாரத்தில் இருக்கும் எங்களை யார் கேட்டார்கள்? இது உங்களிடம் கேட்க வேண்டியதல்ல, மன்னிக்கவும்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஐப்பசி மழையில் ஆறு கலங்கி ஓடும்போது ஒருமுறை, கோடையில் ஒருமுறை, பாம்பாற்றுத் தண்ணீரில் உங்கள் சென்சாரைச் சோதியுங்கள். அதே மாதிரியைக் பாதரச ஆவி உறிஞ்சும் ஒளியை அளக்கும் குளிர் ஆவி அணு உறிஞ்சல் முறையிலும் அளந்து ஒப்பிடுங்கள். ஒளிராவிட்டால் அதையும் எழுதுங்கள். வரம்பை லிட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம் என்று தமிழில் போடுங்கள். இறங்கும் துறைகளைக் காட்ட நாங்கள் கூட வருகிறோம்.

இப்படிக்கு,
பெரியகுளம் வட்டாரத்து வேதியியல் ஆசிரியர் ஒருவர்