முசுறை விட்டுவை, நெருப்பெறும்பைக் கவனி

மூடோன், மோல்மேன்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. ரங்கூன் வீட்டை மகனிடம் கொடுத்துவிட்டு சிரியம் பக்கம் தோட்டம் வாங்கிக் குடியேறியது நல்ல காரியம். பீலிக்கான் கோயில் திருவிழாவுக்கு இனி முதல் நாளே கிளம்பி அல்லாட வேண்டியதில்லை. இங்கே எல்லாரும் சுகம். ரம்புத்தான் இந்த வருஷம் பரவாயில்லை, பாக்குக்குத்தான் விலை இல்லை. சின்னவள் தாய்லாந்துக்கு வேலைக்குப் போய்விட்டாள், வீட்டில் நானும் அவள் அம்மாவும் மட்டும்.

கடிதத்தில் முக்கால்வாசி எறும்பைப் பற்றியே எழுதியிருக்கிறாய். கடையில் வாங்கிய மருந்து டப்பாவை இன்னும் திறக்கவில்லை என்கிறாயே, அதுவே பெரிய புண்ணியம். நீ சொல்வதைப் பார்த்தால் அங்கே மூன்று வகை எறும்பு இருக்கிறது. மூன்றுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது.

அடுப்படியில் வரிசை போகும் சின்னக் கறுப்பு நம்ம பிள்ளையார் எறும்பு. கடிக்காது, சர்க்கரை டப்பாவைத்தான் தேடும். அது போகும் வழியில் ஒரு வாசனையைத் தடவிக்கொண்டே போகிறது, பின்னால் வருவது அதை மோந்துதான் வருகிறது. சோப்புத் தண்ணீர் நனைத்த துணியால் அந்தத் தடத்தைத் துடைத்துவிட்டால் கொஞ்ச நேரத்துக்கு வழி தெரியாமல் தடுமாறும். தங்கச்சி மஞ்சள் தூள் தூவுகிறது என்றாய். தூவட்டும், ஆனால் எறும்பு அதைச் சுற்றிக்கொண்டு வேறு வழி கண்டுபிடிக்கும். சாம்பலும் அப்படித்தான், காய்ந்திருக்கும் வரைக்கும் சரி, நம்ம ஊர் மழையில் ஒரு மணி நேரம் தாங்காது.

மாமரத்தில் இலையைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டியிருக்கும் சிவப்பு எறும்பு முசுறு. அதை மட்டும் தொடாதே. காயைக் குத்தும் நாவாய்ப்பூச்சியையும் இலை தின்னும் புழுக்களையும் அது பிடித்துத் தின்றுவிடும். சீனாக்காரர்கள் ஆயிரத்தெழுநூறு வருஷத்துக்கு முன்பே இந்தக் கூட்டை விலைக்கு வாங்கி ஆரஞ்சு மரத்தில் கட்டியிருக்கிறார்கள். மரத்துக்கு மரம் மூங்கில் கழி வைத்து அதற்குப் பாலமும் போட்டுக் கொடுத்தார்கள். அதற்கும் ஒரு கெட்ட குணம் உண்டு. மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும் வடிக்கும் இனிப்புத் தண்ணீருக்காக அவற்றைக் காவல் காக்கும். ஒரு மரத்தில் மாவுப்பூச்சி மிஞ்சிவிட்டால் அந்த மரத்தை மட்டும் தனியாக்கு. வேறு மரத்தையோ வேலியையோ தொடும் கிளைகளை வெட்டிவிட்டு, அடிமரத்தில் பிளாஸ்டிக் தாளை இறுக்கிச் சுற்றி அதன் மேல் கிரீஸ் தடவு. பட்டையில் நேராகத் தடவினால் மரம் கெடும். முசுறு வேண்டாம் என்றால் பக்கத்து பர்மாக்காரரிடம் சொல். புளிப்புக்காக ஆசையாகச் சாப்பிடுவார்கள், அவரே கூட்டோடு எடுத்துப் போவார்.

இனி கோழிக்கூட்டுப் பக்கத்தில் வெயில் படும் இடத்தில் மண்ணைக் கிளறிப் புற்றுப் போட்டிருக்கிறதே, காலை வைத்தால் கூட்டமாக ஏறிக் கொட்டுகிறது என்றாயே, அது நெருப்பெறும்பு. இதைச் சும்மா விடக் கூடாது. முட்டையை உடைத்து வெளியே வரும் குஞ்சை ஈரம் காயும் முன்பே தின்றுவிடும். பம்பு செட்டின் சுவிட்சுப் பெட்டியையும் திறந்து பார், உள்ளே புகுந்து கருகிக் கிடக்கும். கொட்டு வாங்கிய யாருக்காவது உதடு வீங்கி மூச்சு முட்டினால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ.

புற்று ஒன்றிரண்டுதான் என்றால் கொதிக்கும் தண்ணீர் போதும். வெயில் ஏறத் தொடங்கும் காலை நேரத்தில் ராணியும் குஞ்சுகளும் சூட்டுக்காக மேலே வந்திருக்கும், அப்போது ஒரு புற்றுக்குப் பத்து லிட்டருக்குக் குறையாமல் ஊற்று. பத்துப் புற்றில் ஆறு செத்தால் லாபம், மற்றதற்குத் திரும்ப ஊற்ற வேண்டும். செடியின் வேரும் வெந்துவிடும், உன் காலும் வெந்துவிடும், பார்த்துச் செய். மண்ணெண்ணெய், பெட்ரோல் ஊற்றச் சொல்லி யாராவது வந்தால் கேட்காதே. அது கிணற்றுக்குத்தான் போகும்.

புற்று நிறைய என்றால் நாம் அதற்குச் சோறு போட வேண்டும். கண்ணில் படும் எறும்பெல்லாம் இரை தேட வந்த கூலிக்காரர்கள், அவர்களைக் கொன்று ஒன்றும் ஆகாது. அவர்கள் தூக்கிப் போய் ராணிக்கும் குஞ்சுக்கும் ஊட்டும்படி மெதுவாகக் கொல்லும் விஷம் வேண்டும். எது பிடிக்கும் என்று முதலில் பார். ஒரு ஓட்டில் பனைவெல்லக் கரைசலும் இன்னொன்றில் கடலை எண்ணெய் தடவிய கருவாடும் வை. வெல்லத்தை மொய்த்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் சர்க்கரையும் 10 கிராம் போரிக் பவுடரும் கரைத்துப் பஞ்சில் நனைத்து, ஓட்டை போட்ட டப்பாவில் மூடி வை. போரிக் இல்லாவிட்டால் பத்தர் நகை பற்றவைக்க வைத்திருக்கும் வெங்காரம் 15 கிராம். அளவுக்கு மேல் போட்டால் கூட்டுக்குப் போகுமுன் வழியிலேயே செத்துவிடும், வேலை நடக்காது. முதலில் கூட்டம் அதிகமாக வரும், துடைக்காமல் பொறுத்திரு. நாய்க்கும் பேரப்பிள்ளைக்கும் எட்டாமல் வை.

நெருப்பெறும்பு பெரும்பாலும் எண்ணெய்ப் பக்கம்தான் போகும். அதற்கு மக்காச்சோள நொய்யில் சோயா எண்ணெயோடு ஹைட்ராமெத்தில்நான் கலந்த இரை விற்கிறது. அந்த மருந்து வெயிலில் கெட்டுவிடும், ஆகவே தரை காய்ந்த நாளில் சாயங்காலம் புற்றின் மேல் போடாமல் சுற்றித் தூவு. உடைத்த பையை அடுத்த வருஷத்துக்கு வைக்காதே, எண்ணெய் சிக்குப் பிடித்தால் எறும்பு திரும்பியும் பார்க்காது.

தோட்டம் முழுக்க மட்டும் தூவிவிடாதே. அமெரிக்காவில் மைரெக்ஸ் என்ற இரையை விமானத்திலிருந்தே தூவினார்கள். மற்ற எறும்புகளும் சேர்ந்து அழிந்த இடத்தில் நெருப்பெறும்பே முதலில் திரும்பி வந்தது. 1978-இல் அந்த மருந்தையே தடை செய்தார்கள். உன் டப்பாவில் தாய்லாந்து எழுத்தும் சீன எழுத்தும்தான் இருக்கிறது என்றால் வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்டு. ஃபிப்ரோனிலோ சைபர்மெத்ரினோ என்றால் உன் மீன் குளத்துப் பக்கம் கொண்டு போகாதே, மீன் மிஞ்சாது. குளோர்பைரிபாஸ் என்றால் திறக்கவே வேண்டாம். பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்றுதான் ஐரோப்பாவில் 2020-இல் நிறுத்தினார்கள். கோடு போடும் எறும்புச் சாக்பீசும் விஷம்தான், பேரன் எழுதுகிற சாக்பீஸ் என்று எடுத்துவிடுவான்.

அப்புறம் ஒன்று. அலமாரிக் கால்களுக்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறாய். நல்ல பழக்கம், ஆனால் டெங்கு கொசு முட்டையிட அதைவிட வசதியான இடம் கிடையாது. வாரம் ஒருமுறை கொட்டி, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவி, இரண்டு சொட்டு சோப்பு விட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றச் சொல் தங்கச்சியிடம்.

மழை விட்டதும் அங்கே வருகிறேன். நல்ல பம்ப்ளிமாஸ் கன்று இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன், எங்கே நடலாம் என்று இடம் பார்த்து வை.

உன் பழைய கூட்டாளி