குவாட்ஸ் என்று கேட்டால் எந்தக் கல் வருகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

புது வீட்டுக் குசினிக்கும் குளியலறைக்கும் கல் தேடி யாழ்ப்பாணக் கடைகளில் ஏறி இறங்கும் ஆக்களுக்காக இதை எழுதுகிறோம். கிரனைட் போடுவதா ரைல்ஸ் ஒட்டுவதா என்றிருந்த பேச்சு இப்போது "குவாட்ஸ் போடுவம்" என்று மாறிவிட்டது. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பிள்ளைகள் படம் அனுப்புகிறார்கள். படத்தில் இருப்பது குவாட்சைட். இங்கே பில்லில் எழுதுவது குவாட்ஸ். லொறியில் வந்து இறங்குவது சில வேளை இரண்டுமே இல்லாத வெள்ளை மாபிள். பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் வரும் நட்டம் வாங்குபவர் தலையில்தான் விழுகிறது.

குவாட்ஸ் என்று விற்கப்படுவது மலையில் வெட்டியெடுத்த கல் அன்று, தொழிற்சாலையில் செய்த பலகை. அரைத்த படிகக் கல் நிறையில் 90 முதல் 93 சதவீதம் வரை இருக்கும். மிச்சம் பொலியெஸ்டர் றெசின் என்ற பிளாஸ்டிக் பசையும் நிறமும். இந்தக் கலவையைக் காற்றை உறிஞ்சி எடுத்த நிலையில் அதிர வைத்து அழுத்தி, பிறகு சூடாக்கி இறுக்குகிறார்கள். இத்தாலியின் பிரெற்றன் நிறுவனம் கொண்டுவந்த முறை இது. நிறையில் 8 சதவீதம் றெசின் என்றால் சொற்பமாகத் தெரியும். ஆனால் றெசின் கல்லைவிட மிக இலேசானது. கனவளவில் பார்த்தால் பலகையின் ஆறில் ஒரு பங்கு பிளாஸ்டிக். சூட்டுக்கும் வெயிலுக்கும் தாங்காதது இந்த ஆறில் ஒரு பங்குதான்.

குவாட்சைட் இயற்கைப் பாறை. மணற்கல் நிலத்தடி வெப்பத்திலும் அழுத்தத்திலும் அகப்பட்டு, மணிகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகியது. எங்கள் மலைநாட்டிலும் இந்தப் பாறைப் படுக்கைகள் உண்டு. கடைக்கு வரும் மினுக்கிய பலகைகளில் பல பிரேசில், இந்தியச் சரக்கு. கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் இதன் கடினம் 7. குசினிக் கத்தி இதைக் கீறாது, கத்திதான் மழுங்கும். சூடான சட்டிக்கும் இது இலகுவில் அசையாது. ஆனால் மணிகளுக்கிடையே நுண்ணிய இடைவெளி இருப்பதால் எண்ணெயும் மஞ்சளும் உள்ளே இறங்கும். ஒன்று சூட்டுக்குப் பயந்தது, மற்றது கறைக்குப் பயந்தது. எது வந்திருக்கிறது என்று தெரியாமல் எப்படிப் பராமரிப்பது?

ஆகவே அட்வான்ஸ் கொடுக்க முதல், வரப்போகும் அதே பலகையிலிருந்து உள்ளங்கை அளவு துண்டொன்று கேளுங்கள். முதலில் வெட்டுமுகத்தைப் பாருங்கள். இயற்கைக் கல்லில் மேலே ஓடும் கோடு தடிப்பு முழுவதும் இறங்கி மறுபக்கமும் தெரியும். மலிவான குவாட்சில் கோடு மேலோடு நின்றுவிடும். பக்கவாட்டில் ஒரே மாதிரியான பொடிமணிதான் இருக்கும்.

அடுத்தது போத்தல். துண்டின் கூர்மூலையை வெறும் சோடாப் போத்தலில் அழுத்தி இழுங்கள். குவாட்சைட் என்றால் கறகறத்துக் கண்ணாடியைக் கீறி, நகம் தடக்கும் கோடு விடும். மாபிள் வழுக்கும், வெள்ளைக் கோடு தெரிந்தாலும் அது கல்லின் தூள், விரலால் துடைக்கப் போய்விடும்.

மூன்றாவது தேசிக்காய். மினுக்கிய பக்கத்தில் சில துளி பிழிந்து, அரை மணித்தியாலம் விட்டுத் துடைத்து, வெளிச்சத்துக்குச் சரித்துப் பாருங்கள். துளி இருந்த இடம் மங்கிப்போயிருந்தால் அது சுண்ணாம்புச் சத்துள்ள கல், குவாட்சைட் அன்று. "நுரைக்கவில்லையே" என்று கடைக்காரர் சொன்னால் அதில் ஏமாறாதீர்கள். டொலமைட் வகை மாபிள், தூளாக்காமல், மெல்லிய புளிக்கு நுரைக்காது. "மென்மையான குவாட்சைட்" என்று ஒரு சரக்கு விற்கிறார்கள். அப்படி ஒரு பாறை இல்லை. அது அனேகமாக இந்த டொலமைட்தான். புளியும் தேசிக்காயும் நாள் முழுக்கப் புழங்கும் குசினியில் அதைப் போட்டால் சில மாதத்தில் மினுக்கம் போய்விடும்.

பில்லில் கல்லின் வகை, தடிப்பு, சதுர அடி மூன்றையும் எழுதுவியுங்கள். தடிப்பு பெரும்பாலும் 20 அல்லது 30 மில்லிமீற்றர். 20 மில்லிமீற்றர் பலகையே சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 50 கிலோ வரும். 10 அடி நீளம் 2 அடி அகல மேடைக்கு 90 கிலோவுக்கு மேல். பான்ரி கபட் செய்யும் ஓடாவிக்கு இந்தக் கணக்கை முதலே சொல்ல வேண்டும்.

குவாட்ஸ் மேடையில் அதிகம் நடக்கும் சேதம் சூட்டால்தான். ஏறத்தாழ 150 பாகை செல்சியசில் றெசின் கெடத் தொடங்குகிறது. வடை பொரித்த எண்ணெய் 180 பாகையில் நிற்கும். அந்தத் தாச்சியை அடுப்பிலிருந்து இறக்கி அப்படியே மேடையில் வைத்தால், தாச்சியின் அடி அளவுக்கு ஒரு வட்டம் வெளிறியோ மஞ்சளாகவோ விழும். தேய்த்தால் போகாது, கருகியது உள்ளே இருக்கும் றெசின். சில வேளை பலகையே வெடிக்கும்: வைத்த இடம் விரிய, சுற்றிவர இருக்கும் இடம் குளிர்ந்தபடி நிற்க, அடுப்புக்கோ சிங்குக்கோ வெட்டிய ஓட்டையின் மூலையில் வெடிப்புத் தொடங்கும். பனையோலைத் திருகணி ஒன்று இதைத் தடுக்கப் போதும். எங்கள் வீடுகளில் அது புதிதா என்ன? நாள் முழுக்கச் சூட்டில் இருக்கும் றைஸ் குக்கருக்கு அடியிலும் ஒரு மரப்பலகை வையுங்கள்.

வெயில் நேரே விழும் பின்விறாந்தையிலும் கிணற்றடிக் கழுவும் மேடையிலும் குவாட்ஸ் வேண்டாம். வெள்ளைப் பலகை மெல்ல மெல்லப் பழுக்கும், அதைத் திரும்ப வெளுக்க வழியில்லை. அங்கே நல்ல கிரனைட் போதும். குளியலறை பேசின் மேடைக்கு குவாட்ஸ் பொருத்தமானதே. நகப்பூச்சு நீக்கும் அசற்றோனும் தலைமுடிச் சாயமும் சிந்தினால் உடனே துடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

குவாட்சைட் வாங்கினால், கறை உள்ளே இறங்காமல் தடுக்கும் சீலர் அடிப்பதை மேசனிடம் விட்டுவிடாமல் பக்கத்தில் நின்று பாருங்கள். கல் கழுவி ஒரு முழு நாள் காய வேண்டும். உள்ளே ஊறும் வகைச் சீலரைத் துணியால் பூசி, ரின்னில் போட்டிருக்கும் நிமிடக் கணக்குக்கு விட்டு, காய்ந்து போக முன் மிச்சத்தைத் துடைத்தெடுக்க வேண்டும். துடைக்காமல் விட்டால் புகைபிடித்ததுபோல் ஒரு படலம் நிற்கும். இரண்டாம் பூச்சுக்குப் பிறகு ஒரு நாள் தண்ணீர் படக்கூடாது. பிறகு வருடம் ஒருமுறை சிங்கடியில் ஒரு கரண்டி தண்ணீர் விட்டு 15 நிமிடம் பாருங்கள். கல் கறுத்தால் மறுபடி அடிக்கும் நேரம் வந்துவிட்டது. கறித்தூளும் மஞ்சளும் ஊறிவிட்டால் அப்பச்சோடாவை, மருந்துக்கடையில் வாங்கும் ஐதரசன் பெரொக்சைட்டில் களியாகக் குழைத்து அப்பி, பொலித்தீனால் மூடி ஒரு நாள் விட்டு எடுங்கள். ஒரு தடவையில் போகாவிட்டால் இன்னொரு தடவை.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லில் ஊறி வருவது. எந்தக் கல் போட்டாலும் பைப்படியில் வெள்ளைப் படிவு பிடிக்கும். அதைக் கழிவறை கழுவும் அசிட்டால் உரசுவதுதான் பெரிய பிழை. குவாட்சைட்டில் சீலர் போகும், குவாட்சில் றெசினும் நிறமும் கெடும். இரவில் மேடையைத் துணியால் ஈரமின்றித் துடைத்தாலே படிவு பாதி குறையும். பிடித்துவிட்டால், தேசிக்காய்ச் சோதனையில் தேறிய கல்லில் மட்டும், வினாகிரியும் தண்ணீரும் சம அளவு கலந்து ஐந்து நிமிடம் வைத்துக் கழுவலாம்.

பதிக்கும்போது நடக்கும் பிழைகளில் முதலாவது, கொங்கிறீற் தட்டின்மேல் ஈரச் சீமெந்தைக் கொட்டிக் கல்லை இருத்துவது. வெளிர் நிறக் குவாட்சைட் அடியிலிருந்து ஈரத்தை இழுத்துக் கறுத்துப்போகும். குவாட்சோ கொங்கிறீற்றைவிடச் சூட்டில் கூடுதலாக விரியும், முழுக்க ஒட்டிப் பிடித்தால் வெடிக்கும். தட்டு காய்ந்து, மட்டம் பார்த்து, ஒரு அடிக்கு ஒன்றாகச் சிலிக்கன் வைத்து இருத்துங்கள். சுவரோடு 3 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு அதையும் சிலிக்கனால் மூடுங்கள். சிங்க் ஓட்டையின் உள்மூலைகளைச் சதுரமாக வெட்ட விடக்கூடாது. குறைந்தது 10 மில்லிமீற்றர் ஆரையில் வளைந்திருக்க வேண்டும். மூட்டு சிங்குக்கு மேலே வரக்கூடாது. விளிம்பைச் சிறிது உருட்டி எடுப்பியுங்கள், கூர்விளிம்பில் தேங்காய் துருவும் மெசினை முறுக்கிப் பூட்டினால் சில்லு பெயரும். ஓட்டைக்கு வெட்டியெடுத்த துண்டு உங்களுடையது, கேட்டு வாங்கி வையுங்கள். புதிய திரவம் எதையும் முதலில் அதில் பரீட்சித்துப் பார்க்கலாம்.

இனி எங்கள் மனதை அதிகம் அரிக்கும் விடயம். வீட்டு முற்றத்தில் வைத்து, தண்ணீர் இல்லாமல், முகத்தில் ஒரு லேஞ்சியைக் கட்டிக்கொண்டு இளம்பொடியள் இந்தக் கல்லைக் கிறைண்டரால் வெட்டுகிறார்கள். கிளம்பும் வெள்ளைப் புகையில் இருப்பது சிலிக்காத் தூள். கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியது நுரையீரலின் அடிவரை போய்த் தங்கி சிலிக்கோசிஸ் நோயைக் கொடுக்கும். அதைக் குணமாக்க மருந்து இல்லை. குவாட்ஸ், குவாட்சைட் இரண்டிலும் படிகச் சிலிக்கா 90 சதவீதமளவில் உண்டு. கிரனைட்டில் பெரும்பாலும் அதன் பாதியும் வராது. இந்த நோயால் தொழிலாளர் விழுந்ததைப் பார்த்துத்தான் அவுஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் தொழிற்சாலைக் குவாட்சை வெட்டுவதையும் விற்பதையும் பொருத்துவதையும் தடைசெய்தது. லேஞ்சியும் சத்திரசிகிச்சை மாஸ்க்கும் இந்தத் தூளை மறிக்காது.

வேலை கொடுப்பவர்கள் இதை மாற்றலாம். அளவெடுத்து, தண்ணீர் ஓடும் மெசின் உள்ள பட்டறையிலேயே ஓட்டைகளையும் வெட்டி முடித்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். அதற்குக் கூடக் கேட்கும் காசைக் கொடுங்கள். வீட்டில் சிறு திருத்தம் தேவைப்பட்டால் பிளேட்டில் தண்ணீர் விட்டபடி, முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 மாஸ்க்குடன் செய்யட்டும். வெட்டிய இடத்தைக் கூட்டாமல் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். உங்கள் பத்திரிகையின் வீடு கட்டுவோர் பக்கத்தில் கல் விலைகள் வரும் வாரங்களில், இந்த வெட்டும் முறையையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கல் பதிக்கும் தொழிலில் உள்ள வாசகர்கள்,
கோண்டாவில்.